நெசவை மூடினால்தான் பென்சில் ஏறும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகவே சொல்கிறேன். கடையில் வாங்கிய கேன்வாஸில் கலர் பென்சிலை ஓட்டினால் வண்ணம் நூல் மேடுகளில் மட்டும் ஏறும். இடையில் உள்ள குழிகள் வெள்ளையாகவே நிற்கும். ஒரு கன்னத்தை வரைந்தால் அதன்மேல் கட்டம் கட்டமாக நெசவு தெரியும். அழுத்தி நிரப்பப் பார்த்தால் முனைதான் உடையும். கடைக் கேன்வாஸில் இருக்கும் வெள்ளைப் பூச்சு ஆயில், அக்ரிலிக் வண்ணங்களை நினைத்துப் பூசியது. ஈர வண்ணம் குழிக்குள் தானே இறங்கிவிடும், பென்சில் இறங்காது.

ஆகவே முதல் வேலை நெசவை மூடுவது. சுவருக்குப் பட்டி பார்க்கிற வேலைதான் இது. அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் அடிப்பூச்சைப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் குழிகளில் இறங்கும்படி இழுத்துத் தேயுங்கள். நன்றாகக் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பூச்சு. முதலாவது இடவலமாக என்றால் அடுத்தது மேலிருந்து கீழாக. நாலைந்து பூச்சாவது வேண்டியிருக்கும், முரட்டு நெசவு இன்னும் கேட்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்திலும் நூலின் நிழல் விழவில்லை என்றால் போதும். கடைசியாக 400 எண் தாள். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். ஆயில் பிரைமர் பூசிய கேன்வாஸ் இதற்கு வேண்டாம், அதில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ சரியாகப் பிடிக்காது.

அதற்காக ஒரேயடியாக வழவழப்பாக்கிவிடாதீர்கள். கொஞ்சமும் சொரசொரப்பு இல்லாவிட்டால் மூன்றாவது நான்காவது அடுக்கு வண்ணம் வழுக்கிக்கொண்டு போகும்.

பேஸ்டலுக்கு இன்னும் ஒரு படி உண்டு. பேஸ்டலில் பசை மிகக் குறைவு, ஏறக்குறைய முழுவதும் தூள்தான். அந்தத் தூளைப் பிடித்து வைக்கப் பொடிமணல் போன்ற பிடிப்பு தேவை. நெசவை மூடியபின் ஜெஸ்ஸோவில் நைசான மார்பிள் தூளோ பியூமிஸ் தூளோ கலந்து, ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். பிரஷ்ஷால் பூசினால் அதன் கோடுகள் படத்தில் தெரியும். கலவையில் துளி அக்ரிலிக் வண்ணம் சேர்த்துச் சாம்பலாகவோ மண்நிறமாகவோ ஆக்கிக்கொண்டால், வெள்ளையை மறைக்கும் பாடு மிச்சம்.

பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் துணி அதிரும், அதிர்ந்தால் பேஸ்டல் உதிரும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மதாம் பொம்பதூரின் பேஸ்டல் உருவப்படத்தை, 1755-இல் காட்சிக்கு வந்ததை, ஓவியர் கான்டன் த லா தூர் வரைந்தது தாளில்தான். தாள்களை ஒட்டித் தாங்கிய வேலை மட்டுமே கேன்வாஸுக்கு. நாமோ துணியிலேயே வரைகிறோம். அதனால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸைவிட அட்டையில் ஒட்டிய கேன்வாஸ் போர்டு நல்லது. சட்டம்தான் கையில் இருக்கிறது என்றால், வரையும்போது பின்னால் சட்டத்துக்குள் அடங்கும்படி ஒரு பலகையைக் கொடுங்கள். துணி தொய்யாது, கை அழுத்தமும் சீராக விழும்.

முடிந்த பேஸ்டல் படத்துக்குக் கண்ணாடி போடவேண்டும், படத்தில் ஒட்டாமல் இடைவெளி விட்டு. பெரிய கேன்வாஸில் கைவைக்கும் முன், ஒரு சிறிய போர்டில் எல்லாப் பூச்சையும் போட்டு, உங்கள் பென்சில்களை அதில் ஓட்டிப் பாருங்கள்.