உங்களுக்குத் தெரியுமா? சர்வர்களே நடத்தும் காபி ஹவுஸ்

பெங்களூரு இந்தியன் காபி ஹவுஸில் வெள்ளைச் சீருடையும் விசிறித் தலைப்பாகையுமாகக் காபி கொண்டுவரும் சர்வர்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடையை நடத்துவது ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம்!

1950-களின் நடுவில் அரசின் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்தது. வேலை போன ஊழியர்கள் கலைந்துவிடவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணைநிற்க, கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தத் துணிந்தார்கள். தட்டு ஏந்திய கைகள் நிர்வாகத்தையும் ஏந்தியது சாதாரணக் காரியமல்ல. நாட்டின் முதல் காபி ஊழியர் கூட்டுறவுச் சங்கம் 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில்தான் பிறந்தது. டெல்லிச் சங்கம்கூட அதற்குப் பிறகுதான்.

எம்.ஜி. ரோட்டில் பல்லாண்டு இயங்கிய பெங்களூரு சங்கத்தின் கிளை 2009-இல் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது.