கடாரம் கண்டு வருவோம்

தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டைக் காண ஆண்டுதோறும் பலர் செல்கின்றனர். இன்கா மக்கள் மலைமேல் எழுப்பிய மாச்சு பிச்சு, ஸ்பானியர் 1535-ஆம் ஆண்டில் நிறுவிய லீமா மாநகர், பசிபிக் கடற்கரை ஆகியவை அங்குள்ள சிறப்புகளாம். பண்டைய அரசின் சின்னம், அயலவர் ஆட்சிக்கால நகரம், அழகிய கடற்கரை என்னும் இம்மூன்றையும் நம் மலேசியத் திருநாட்டிலேயே நாம் கண்டு களிக்கலாம். பங்சாரிலிருந்து காலையில் வடக்கு நோக்கிப் புறப்பட்டால், மாலைக்குள் கெடா மாநிலத்தை அடைந்துவிடலாம்.

அங்கே, 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் வென்ற கடாரம் இப்பகுதியே என்பர் ஆய்வாளர். துறைமுகம் இங்கே தோன்றியதற்குக் காரணம் உண்டு. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு ஜெராய் மலை தொலைவிலிருந்தே வழிகாட்டியது. பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே சென்றன. ஆதலால், காற்றுத் திசை மாறும்வரை வணிகர் இங்குத் தங்கினர். தங்கிய இடத்தில் வழிபாட்டுக் கூடங்களும் எழுந்தன.

இன்று அக்கூடங்களின் அடித்தளங்களே எஞ்சியுள்ளன. மரத்தாலான மேற்பகுதிகள் காலப்போக்கில் மட்கிப் போயின. புக்கிட் பத்து பகாட் என்னுமிடத்தில் சீரமைக்கப்பட்ட கற்கோவிலின் அடித்தளத்தையும், அதனருகே தொல்பொருட்காட்சி சாலையையும் காணலாம். சுங்கை பத்து என்னுமிடத்தில் பண்டைய மக்கள் இரும்பை உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன.

அடுத்து, கடல்மேல் 1985-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவை அடைவோம். பிரான்சிஸ் லைட் 1786-இல் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜார்ஜ்டவுன் நகரில், கார்ன்வாலிஸ் கோட்டையையும், 1833-ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் ஆலயத்தையும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் நடந்தே காணலாம். மாலையில் பத்து பெரிங்கி கடற்கரையில் அலைகளோடு விளையாடி மகிழலாம்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜார்ஜ்டவுன் 2008-இல் மலாக்காவுடன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆதலால் அதன் பழைய கட்டடங்களை எவரும் விரும்பியவாறு இடிக்க இயலாது. பூஜாங் பள்ளத்தாக்கிலோ, 11-ஆம் எண் கொண்ட கோவிலின் அடித்தளம் 2013-ஆம் ஆண்டில் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. அது மரபுடைமைச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படாமல் இருந்தது. பல நூற்றாண்டுகள் மழையையும் வெயிலையும் தாங்கி நின்ற செங்கற்கள் இயந்திரத்தின் முன் நிற்க முடியவில்லை. செய்தி வெளியான பின்னரே பலர் அக்கோவிலைப் பற்றி அறிந்தனர்.

மக்கள் அறியாத சின்னத்தைக் காப்பார் இலர். ஆகவே, வரும் பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் கடாரம் சென்று வருவோம். கற்களின்மேல் ஏறாமலும், ஓர் ஓட்டைத் துண்டையேனும் எடுத்து வராமலும் இருப்போம். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, வகுப்பில் நண்பர்களுக்கு எடுத்துரைப்போம். நம் நாட்டின் பழமையைக் காப்பதற்கு நம்மால் இயன்ற முதற்பணி அதுவே.