தாத்தாவின் வாளை எடைக்குப் போடுமுன்...

பழைய இரும்பு வாங்குபவர் தோட்டத்துக்கு வரும் நாளில், லயத்துப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் கைவாளையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அவருக்கு அது வெறும் இரும்பு. ஆனால் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த ஒருவர் அதைக் கொண்டே தம் பிள்ளைகளை வளர்த்திருப்பார். இரத்தினபுரியில் இல்லத்தைக் கழுவிப் பார்க்காமல் யாரும் கொட்டிவிடுவதில்லை. வாளையும் அவ்வாறே பார்ப்போம்.

முதலாவது, அலகு. இதை அரத்தாளால் தேய்க்கவே கூடாது. செய்தவரின் பெயரும் சின்னமும் பல வாள்களில் மிக மெல்லியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்த்தால் அடையாளமே அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலாகத் தெரியும். 'காஸ்ட் ஸ்டீல்' என்றிருந்தால் வார்ப்பிரும்பு என்று எண்ணவேண்டாம். அது இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருவாக்கிய முறையில், மூசையில் உருக்கிய நல்ல உருக்கைக் குறிப்பது.

இரண்டாவது, கைப்பிடியிலுள்ள பித்தளைப் பொத்தான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1840இல் ஹென்றி டிஸ்டன் வாள் கம்பனியைத் தொடங்கினார். 'டிஸ்டன் அன்ட் சன்ஸ்' என்று பன்மையில் இருந்தால் அந்த வாள் 1871க்கு முந்தியதல்ல. 'வாரன்டட் சுப்பீரியர்' என்பதோ கம்பனியின் பெயரே அல்ல. தரம் உறுதி என்னும் பொதுச் சொல் அது. பலரும் அதைப் பயன்படுத்தினர்.

மூன்றாவது, பற்கள். அங்குலத்துக்கு ஐந்தாறு பற்கள், உளி முனைபோல நேராக அராவப்பட்டிருந்தால், மரத்தை நெடுக்காக அரிவதற்கானது. எட்டுக்கு மேற்பட்டு, கத்தி முனைபோலச் சரிவாக இருந்தால், குறுக்கே அறுப்பதற்கானது. பற்களைத் தச்சர் மாற்றி அராவியிருக்கலாம். ஆகவே இவற்றைக் கொண்டு வயதைக் கணிக்க முடியாது.

நான்காவது, வழக்கத்துக்கு மாறான அமைப்பு. வாளின் முதுகில் அங்குலக் கோடுகளும், கைப்பிடியில் சிறு கண்ணாடிக் குழாயும் இருந்தால் கவனமாக வையுங்கள். டிஸ்டன் கம்பனியின் 43ஆம் இலக்க வாள் அத்தகையது. அளவுகோல், மூலைமட்டம், நீர்மட்டம், கீறுமுள் ஆகிய நான்கும் அந்த ஒரே வாளில் அடங்கியிருந்தன. பழைய கருவிகளைச் சேகரிப்போர் இதைத் தேடி வாங்குவர். முதுகில் நுனியோரமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மொட்டும் பழுதல்ல; பழைய வாள்கள் பலவற்றில் அது உண்டு.

கைப்பிடி பலா மரத்திலானதா? பயன்படாத துளைகள் அலகில் உள்ளனவா? அப்படியானால் உள்ளூர்ப் பாஸ் ஒருவர் பிடியை மாற்றியிருப்பார். சேகரிப்பவருக்கு அது குறை. வீட்டாருக்கோ அவரது கைவேலையின் சாட்சி.

இவற்றைப் பார்த்தபின் வைப்பதா, விற்பதா, கூர் தீட்டி மீண்டும் வேலைக்கு எடுப்பதா என்று வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்யலாம். எதுவானாலும், அந்த வாளைப் பிடித்தவரின் பெயரை ஒரு தாளில் எழுதி அதனுடன் கட்டி வையுங்கள். கம்பனியின் பெயர் இரும்பில் இருக்கிறது. உழைத்தவரின் பெயரை நாம்தான் எழுதவேண்டும்.