குழாய் வைத்த பிள்ளைக்கு வாந்தி வந்தால்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஒரு தாய் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் அல்ல, தாதியும் அல்ல. குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒரு தாய். 2005ஆம் ஆண்டு பிறந்த என் மகளுக்கு நான்காவது மாதத்தில் தலையில் குழாய் வைத்தார்கள். அன்று முதல் அந்தக் குழாயோடுதான் எங்கள் குடும்பம் வாழ்ந்து வருகிறது. மருத்துவ விவரங்களில் தவறு வந்துவிடக் கூடாதே என்று, இன்று சொல்லப் போவதை மருத்துவமனையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு மிஸ்ஸியிடம் முன்பே படித்துக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இந்த நோய்க்கு ஹைட்ரோசெபலஸ் என்று பெயர். தமிழில் மூளைநீர்த் தேக்கம் எனலாம். நம்மவர்கள் "தலையில தண்ணி" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லே பலரைத் தவறாக நினைக்க வைக்கிறது. ஈரத்தலையோடு படுக்க வைத்ததால் வந்தது, குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போனதால் வந்தது என்று என் புகுந்த வீட்டுப் பக்கம் பேசினார்கள். நானும் சில மாதங்கள் அதை நம்பி அழுதிருக்கிறேன்.

உண்மை வேறு. நம் எல்லாருடைய மூளைக்குள்ளும் நான்கு சிறு அறைகள் இருக்கின்றன. அங்கே தெளிந்த நீர் ஒன்று சுரந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, பிறகு இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் சுரப்பது சுமார் அரை லிட்டர். ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். அப்படியானால் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் வருகிறது. போகும் வழி அடைத்துக்கொண்டால் சுரப்பது நின்றுவிடாது. குழாயைத் திறந்துவிட்ட சிங்கின் வடிகால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் மூளைக்குள்ளும் நடக்கிறது.

கைக்குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை பெரிதாகும். உச்சிக்குழி புடைக்கும். கண்கள் கீழ்நோக்கியே இருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு எலும்பு இறுகிவிட்டபடியால் தலை பெரிதாகாது, உள்ளே அழுத்தம்தான் ஏறும். காரணங்கள் பல. பிறவியிலேயே வழி குறுகியிருக்கலாம், முதுகெலும்பு மூடாமல் பிறந்த குழந்தைகளுக்கு வரலாம், குறைமாதக் குழந்தையின் மூளையில் இரத்தம் கசிந்து வரலாம், மூளைக் காய்ச்சலுக்குப் பிறகும், கட்டியினாலும் வரலாம். என் மகளுக்கு மூன்றாம், நான்காம் அறைகளுக்கு இடையில் உள்ள பாதை பிறவியிலேயே குறுகலாக இருந்தது. சுகாதார கிளினிக்கில் தலைச் சுற்றளவை அளந்து அட்டையில் கோடு போடுவார்களே, அந்தக் கோடு திடீரென்று மேலே ஏறியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த நாடாவை நாம் அலட்சியமாக நினைக்கிறோம்.

குழாய் என்பது என்ன?

ஷண்ட் என்று சொல்லப்படும் இது மெல்லிய சிலிக்கோன் குழாய். ஒரு முனை மூளை அறையில் இருக்கும். காதுக்குப் பின்புறம் தோலுக்கு அடியில் ஒரு வால்வு. அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே இறங்கி வயிற்றுக்குப் போகும். வயிறு என்றவுடன் சோறு போகும் இரைப்பையை நினைக்க வேண்டாம். குடலைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் நீர் வடிந்து, உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். சிலருக்குக் குழாய் இல்லாமல், மூளை அறையின் அடித்தளத்தில் சிறு துளையிட்டு நீருக்கு வழிவிடும் முறையும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை நிபுணர்தான் சொல்ல முடியும்.

இந்த வால்வின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1950களின் நடுவில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்டர் என்ற தொழில்நுட்பர், இதே நோயோடு பிறந்த தன் மகனுக்காக ஒரு வால்வை உருவாக்கினார். அறுவை மருத்துவர் ஸ்பிட்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1960இல் நியூயார்க்கில் டாக்சி மோதி எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தைக்கு இந்த நிலை வந்தது. குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அவர் பொறியாளர் ஸ்டேன்லி வேட், மருத்துவர் கென்னத் டில் இருவரோடும் சேர்ந்து புதிய வால்வு ஒன்றைச் செய்ய வைத்தார். அது தயாரான நேரத்தில் அவருடைய மகன் தேறிவிட்டான். ஆனால் அது வேறு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

அறுவைக்குப் பின்

சிக்கல் இல்லாவிட்டால் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தலையில் ஒரு காயம், வயிற்றில் ஒரு காயம். தையல் பிரிக்கும்வரை ஈரம் படக்கூடாது. எங்கள் வீட்டில் முதல் சண்டையே அதில்தான் வந்தது. திருநீறு பூசலாமா, பச்சிலை அரைத்துத் தடவலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நெற்றியில் வையுங்கள், காயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் சில நாட்கள் மறுபக்கமாகப் படுக்க வைக்கச் சொன்னார்கள். வால்வு சிறு புடைப்பாகக் கைக்குத் தட்டுப்படும். ஆவலில் அதை அழுத்திப் பார்க்கக் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வயிறு இறுகினால் நீர் வடிவது தடைபடலாம். காதுகுத்து, முடியிறக்குதல் எல்லாம் பிறகு செய்தோம், டாக்டரைக் கேட்டுவிட்டு.

கிருமித் தொற்று பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வரும். காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு, காயத்தில் நீர்க்கசிவு, வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் நீர் அளவுக்கு மீறி வடிகிறது என்று சந்தேகிக்கலாம். அதையும் மருத்துவமனையில் சொல்ல வேண்டும்.

இனி நான் வந்த காரணத்தைச் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டு. மகளுக்கு ஏழு வயது. ஏழு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லை. முடி வளர்ந்து வால்வை மூடிவிட்டது. எங்கள் மனத்தையும் மூடிவிட்டது. சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தோம். ஞாயிறு காலை வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டு போனேன். வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள். தலையில் குழாய் இருப்பதை நான் சொல்லவில்லை. வயிற்றுக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது.

மாலையில் தூங்கிவிட்டாள். "அசதியில தூங்குறா, எழுப்பாதம்மா" என்றார் மாமியார். அன்பில் சொன்னதுதான். ஏழரை மணிக்கு எழுப்பினேன். "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினாள். உட்கார வைத்தேன். "அம்மா, நீங்க ரெண்டு பேரா தெரியிறீங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். குழாயின் மேல்முனை அடைத்திருந்தது. அன்றிரவே அறுவை செய்து மாற்றினார்கள். விடியும்வரை தூங்கவிட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார்.

குழாய் நோயைக் குணப்படுத்துவதில்லை, நீரை வடிய வைக்கிறது, அவ்வளவே. எந்த நாளும் அது அடைத்துக்கொள்ளலாம், துண்டிக்கலாம். பிள்ளை வளர வளரக் குழாயின் நீளம் போதாமல் போகலாம். பிள்ளைகளுக்கு வைத்த குழாய்களில் 30 முதல் 40 விழுக்காடு வரை முதல் ஆண்டிலேயே பழுதாகின்றன. நல்ல மருத்துவமனையிலும் இது நடக்கும். எங்களுக்கு ஏழு ஆண்டு தாங்கியது அதிர்ஷ்டம்.

ஆகவே, குழாய் வைத்த பிள்ளை வாந்தி எடுத்தால் வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுப்போக்கு இல்லாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், எரிச்சல், பார்வைக் கோளாறு, நடையில் தடுமாற்றம் இவற்றில் எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே 999. அவசரப் பிரிவில் பெயர் சொல்வதற்கு முன்பே "தலையில் ஷண்ட் இருக்கிறது" என்று சொல்லுங்கள். வழியில் மைலோ, ரொட்டி எதுவும் கொடுக்க வேண்டாம். உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். எந்த வகை வால்வு, எப்போது வைத்தது என்ற விவரத்தை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். காந்தத்தால் அளவு மாற்றக்கூடிய வால்வு என்றால் எம்ஆர்ஐ எடுத்த பிறகு அளவைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அதில் குறியுங்கள்.

பள்ளியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. என் மகள் நன்றாகப் பேசுவாள், பாடுவாள். ஆனால் "பையை எடு, தண்ணீர்ப் புட்டியை எடு, காலணி போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் முதலாவதிலேயே நின்றுவிடுவாள். சோம்பேறி என்று நானே திட்டியிருக்கிறேன். இந்த நோயுள்ள பிள்ளைகள் பலருக்கு ஞாபகம், ஒழுங்குபடுத்துதல், கணக்கு இவற்றில் சிரமம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு ஆசிரியை ஒருவர் எல்லாவற்றையும் வரிசையாகத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டார். அந்த ஒரு தாள் செய்ததை எங்கள் கத்தல் செய்யவில்லை.

(உரைக்குப் பின் அரங்கிலிருந்து வந்த இரு கேள்விகள்)

முதியவர் ஒருவர், இது பெரியவர்களுக்கும் வருமா என்று கேட்டார். வரும், ஐயா. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் ஒரு வகையைக் கொலம்பிய மருத்துவர் ஹக்கீம் 1965இல் விளக்கியிருக்கிறார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போன்ற நடை, மறதி, சிறுநீர் அடக்க முடியாமை இவை சேர்ந்து வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எல்லா மறதிக்கும் இது காரணம் அல்ல. ஆனால் இதுதான் காரணம் என்றால் குழாய் வைத்தவுடன் பலருடைய நடை திரும்புகிறது.

ஒரு அக்கா, பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வீர்களா, மறைப்பீர்களா என்று கேட்டார். குழாய் வைத்த பெண்கள் மருத்துவக் கண்காணிப்பில் கருவுற்று நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். மறைத்தால், அவள் மயங்கிக் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாதே! இதை என் மகளிடமே ஒருமுறை கேட்டேன். "முதல்ல அந்த அட்டையைக் கொடுங்கம்மா, அப்புறம் ஜாதகத்தைக் கொடுங்க" என்றாள். இன்னும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அவள் டிப்ளோமா முடிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது.