அடுத்த பிறவியில் ஆணா, பெண்ணா?

“இன்னொரு பிறவி இருந்தால் ஆணாகப் பிறக்க விரும்புவீர்களா, பெண்ணாகவா?”

ஜப்பானில் இந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். கேட்பது ஜோசியர் இல்லை, அரசு நிதியில் இயங்கும் புள்ளியியல் கணித ஆய்வு நிறுவனம். ‘ஜப்பானியரின் தேசிய குணம்’ என்ற பெயரில் 1953இல் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அது ஆய்வு நடத்திவருகிறது. 1958இல் இந்தக் கேள்விக்குப் பெண்களில் 64 சதவீதம் பேர் ‘ஆணாகவே பிறக்க வேண்டும்’ என்றார்கள். மறுபடியும் பெண்ணாகப் பிறக்கச் சம்மதித்தவர்கள் 27 சதவீதம்தான். 2013இல் கணக்கு தலைகீழ். பெண்களில் 71 சதவீதம் பேர் பெண்ணாகவே பிறக்கிறேன் என்றார்கள்.

ஆண்கள்? 1958இலும் 2013இலும் பத்தில் ஒன்பது பேர் ஆணாகவே பிறக்கப் போகிறார்களாம். நாடே புரண்டு படுத்த அரை நூற்றாண்டில் அவர்கள் அசைந்துகொடுக்கவில்லை.

ஒரு கேள்வியை வார்த்தை மாற்றாமல் தலைமுறை தலைமுறையாகக் கேட்பது சலிப்பூட்டும் வேலை. அதில் ஜப்பானியர்களுக்கு நிகர் குறைவு. தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1960 முதல் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று பதினைந்து நிமிடக் கட்டங்களாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. 1973 முதல் மக்களின் மனப்போக்கைத் தனியாகக் கேட்கிறது. அரசின் அமைச்சரவை அலுவலகம் 1958 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் ‘வாழ்க்கை எப்படிப் போகிறது?’ என்று விசாரிக்கிறது. எத்தனை பேர் புத்தகம் படிக்கிறார்கள், பழமொழிகளை எத்தனை பேர் தப்பான பொருளில் சொல்கிறார்கள் என்று கேட்கவும் ஒரு அரசுத் துறை உண்டு.

இந்தப் பழக்கத்தின் வேர் தோல்வியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட அமெரிக்க அதிகாரிகளில் சிலர், ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் கொண்ட ஜப்பானிய எழுத்துமுறைதான் ஜனநாயகத்துக்குத் தடை, அதை ரோமன் எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தார்கள். மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று பார்க்க 1948இல் ஒரு தேர்வு வைத்தார்கள். 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் சுமார் 17,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து எழுதவைத்தார்கள். நாடு தழுவி அறிவியல் முறைப்படி ஆட்களைத் தேர்ந்து ஜப்பானில் நடந்த முதல் பெரிய ஆய்வு அதுதான். ஒரு மதிப்பெண்கூட எடுக்காதவர்கள் வெறும் 1.7 சதவீதம். ரோமன் எழுத்துப் பேச்சு அதோடு வலுவிழந்தது. அந்தக் குலுக்கலுக்குக் கணக்குப் போட்டவர்களில் ஒருவரான ஹயாஷி சிகியோதான் பின்னாளில் ‘தேசிய குணம்’ ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

அந்த ஆய்வில் புகழ்பெற்ற கேள்வி ஒன்று உண்டு. இரண்டு மேலதிகாரிகள். ஒருவர் விதிக்கு மீறி வேலை வாங்கவே மாட்டார், ஆனால் அலுவலகத்துக்கு வெளியே உங்கள் நல்லது கெட்டதில் தலையிடவும் மாட்டார். இன்னொருவர் சில சமயம் அநியாயமாக வேலை வாங்குவார், ஆனால் வீட்டுக் கஷ்டம் என்றால் வந்து நிற்பார். யாரிடம் வேலை செய்வீர்கள்?

1953 முதல் 2013 வரை, பத்தில் சுமார் எட்டுப் பேர் இரண்டாமவரையே தேர்ந்தெடுத்தார்கள். இடையில் ஜப்பான் உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமானது. 1990களில் சரிந்தது. நிரந்தர வேலை என்ற நம்பிக்கை தேய்ந்தது. அளவுக்கு மீறிய வேலையால் சாவு என்பதற்கே தனிச்சொல் பிறந்து, அதைத் தடுக்க 2014இல் தனிச்சட்டமும் வந்தது. அதிகாரி விஷயத்தில் மட்டும் மனம் மாறவில்லை. விதியைவிட மனிதர் பெரிது என்ற எண்ணம் அலுவலகத்தில் இவ்வளவு ஆழமாக இருக்கும்போது, கூடுதல் நேர வேலையைச் சட்டம் போட்டுக் குறைப்பது ஏன் கடினம் என்று ஓரளவு புரிகிறது.

அலுவலகத்தில் மாறாதது, வீட்டில் அடியோடு மாறிவிட்டது. பிள்ளை இல்லாவிட்டால், ரத்த உறவே இல்லாத ஒருவரையாவது தத்தெடுத்து வம்சப் பெயரைக் காக்க வேண்டுமா? 1953இல் முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்றார்கள். 2013இல் ஐந்தில் ஒருவர். ‘கணவன் வெளியே உழைக்க, மனைவி வீட்டைப் பார்ப்பது’தான் நல்ல குடும்பம் என்றவர்கள் என்.எச்.கே. கணக்கில் 1973இல் 39 சதவீதம், 2018இல் 15 சதவீதம். ‘கணவனும் வீட்டு வேலையில் பங்கெடுக்கும் குடும்பம்’ 21இலிருந்து 48க்கு ஏறியது.

சொல்வது இது. செய்வது?

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் கணவன் வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் ஒரு நாளில் செலவிட்ட நேரம், 2021ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி 1 மணி 54 நிமிடம். மனைவி செலவிட்டது 7 மணி 28 நிமிடம். ஆண்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும்: 1996இல் அவர்கள் செலவிட்டது வெறும் 38 நிமிடம். முன்னேற்றம்தான். ஆனால் ‘பங்கெடுக்கும் குடும்பம்’ என்று டிக் அடித்த கைகளில் எத்தனை கைகள் இன்னும் பாத்திரம் தேய்க்கப் போகவில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கின்றன.

கல்யாண விஷயத்தில் முரண் வேறு மாதிரி. ‘கல்யாணம் செய்துகொள்வது கட்டாயமில்லை’ என்றவர்கள் 1993இல் 51 சதவீதம், 2018இல் 68 சதவீதம். இதை மட்டும் படித்தால் ஜப்பானியர்களுக்குக் கல்யாணமே வெறுத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் 2021இல் 18 முதல் 34 வயது வரையுள்ள மணமாகாதவர்களிடம் ‘நீங்கள் செய்துகொள்வீர்களா?’ என்று கேட்டபோது ஆண்களில் 81 சதவீதமும் பெண்களில் 84 சதவீதமும் ஒருநாள் செய்துகொள்வோம் என்றார்கள். ஊருக்குக் கட்டாயமில்லை, எனக்கு வேண்டும். சிக்கல் ஆசையில் இல்லை, ஆள் கிடைப்பதில் இருக்கிறது. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணங்களைக் காதல் கல்யாணங்கள் 1960களின் பிற்பகுதியில் முந்தின. அதற்குப் பிறகு ஜோடி தேடுவது அவரவர் பாடு. அண்மைக் கல்யாணங்களில் 13.6 சதவீதம் செயலி, சமூக ஊடகம் வழியாக அறிமுகமானவர்களுடையது என்று அதே 2021 ஆய்வு சொல்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் அங்கே சுமார் 2 சதவீதம்தான் என்பதால், கல்யாணம் தள்ளிப்போனால் தொட்டிலும் காலி. 2024இல் நாட்டில் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1960இல் வார நாளில் சராசரியாக 8 மணி 13 நிமிடம் தூங்கியவர்கள் 2020இல் தூங்கியது 7 மணி 12 நிமிடம். 16 முதல் 19 வயதுள்ளவர்களில் வார நாளில் கால் மணி நேரமாவது டிவி பார்ப்பவர்கள் 2015இல் 71 சதவீதம், ஐந்தே ஆண்டில் 47. மாதத்தில் ஒரு புத்தகம்கூடப் படிப்பதில்லை என்றவர்கள் 2023ஆம் நிதியாண்டு ஆய்வில் 62.6 சதவீதம். ரயிலில் எல்லோரும் புத்தகமும் கையுமாக இருப்பார்கள் என்று ஜப்பானைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

எண்களை ஜப்பானியர்கள் எவ்வளவு சீரியசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க உட்சுனோமியா நகரத்துக்குப் போக வேண்டும். அரசு நாடு முழுவதும் சுமார் 9,000 குடும்பங்களிடம் வரவுசெலவு நோட்டைக் கொடுக்கிறது. வாங்கிய தோஃபு, முட்டை, மீன் என்று ஆறு மாதம் அன்றாடம் எழுத வேண்டும். நாட்டின் பொருளாதாரப் போக்கை அறியத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அதில் ‘கியோசா’வுக்கும் ஒரு வரி இருக்கிறது. மெல்லிய மாவுக்குள் இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்து மடித்து, கல்லில் சுட்டெடுக்கும் பண்டம். மோமோவின் நெருங்கிய சொந்தக்காரன். போருக்கு முன் மஞ்சூரியாவில் இருந்த உட்சுனோமியா படைப்பிரிவின் சிப்பாய்கள் அதை ஊருக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

பெரிய அடையாளம் எதுவும் இல்லாத ஊர் அது. 1990 வாக்கில் நகராட்சியில் யாரோ இந்தப் புள்ளிவிவரத்தைப் புரட்டியபோது, கியோசா வாங்கிச் சாப்பிடுவதில் தங்கள் ஊர் முதலிடம் என்று கண்டார்கள். அவ்வளவுதான், கியோசா நகரம் பிறந்தது. கடைகள் சங்கம் அமைத்தன. ரயில் நிலையத்தில் கியோசா மடிப்புக்குள் நிற்கும் வீனஸ் சிலை எழுந்தது. 2008இல் இடம் மாற்றும்போது சிலை உடைந்ததும் நாடு தழுவிய செய்தி.

முதலிடம் நிலைக்கவில்லை. ஹமமாட்சு நகரம் நாங்கள்தான் அதிகம் சாப்பிடுகிறோம் என்று வெகுநாள் சொல்லிவந்தது. மாகாணத் தலைநகரங்களையும் பெருநகர அந்தஸ்து பெற்ற ஊர்களையும் மட்டுமே தனித்தனியாகப் பட்டியலிட்டதால் அதன் பெயருக்கு இடமில்லை. 2007இல் பெருநகர அந்தஸ்து கிடைத்ததும் பட்டியலுக்குள் வந்தது, 2011இல் உட்சுனோமியாவைத் தள்ளிவிட்டு முதலிடத்தைப் பிடித்தது. 2021, 2022 இரண்டு ஆண்டும் தெற்கிலிருந்து மியாசாக்கி வந்து இருவரையும் முந்தியது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் முடிவு வரும்போது கேமராக்கள் காத்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கில் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது சேராது. குளிரூட்டி உறையவைத்த பாக்கெட்டும் சேராது. வீட்டுக்கு வாங்கிப்போனது மட்டும்தான். ஒரு நகரத்துக்கு ஏறக்குறைய நூறு குடும்பங்களின் நோட்டுகள். அதிலே நாலைந்து வீட்டில் விருந்தாளி வந்தால்கூட ஒரு நகரத்தின் மானம் ஏறி இறங்கும்.

இங்கேதான் கருத்துக்கணிப்பைப் படிக்கிறவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ‘ஜப்பானியர்களில் 90 சதவீதம் பேர் நடுத்தர வர்க்கம்’ என்ற வாசகம் 1970களில் உலகமெங்கும் மேற்கோளாகச் சுற்றியது. அதன் பிறப்பிடம் அமைச்சரவை அலுவலகத்தின் கேள்வித்தாள். உங்கள் வாழ்க்கைத் தரம் எது என்று கேட்டு ஐந்து விடைகள் தருகிறார்கள்: மேல், நடுவில் மேல், நடுவில் நடு, நடுவில் கீழ், கீழ். ஐந்தில் மூன்று ‘நடு’. விரிந்த வலையில் எல்லா மீனும் விழுந்தது. பொருளாதாரம் தேங்கி, தற்காலிக வேலைகள் பெருகிய பிறகும் அந்த எண் 90ஐ ஒட்டியே நிற்கிறது என்பதிலிருந்தே அது எதை அளக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கேட்பவர் முகமும் கணக்கில் சேரும். 2019 வரை அதே அலுவலகத்தின் ஆட்கள் வீட்டு வாசலில் நின்று நேரில் கேட்டார்கள். அந்த ஆண்டு ‘இப்போதைய வாழ்க்கையில் திருப்தி’ என்றவர்கள் 73.8 சதவீதம். கொரோனாவால் 2020இல் ஆய்வு நடக்கவில்லை. 2021இல் கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பினார்கள். திருப்தி 55.3 சதவீதத்துக்கு விழுந்தது. தொற்றுக்காலத்து வேதனைக்கும் அதில் பங்கிருக்கும், முறை மாறியதால் நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று அலுவலகமும் எச்சரித்தது. ஆனாலும், வாசலில் வந்து நிற்கும் அந்நியரிடம் ‘நல்லா இருக்கோம்’ என்பதும், தனியாக உட்கார்ந்து காகிதத்தில் எழுதுவதும் ஒன்றல்ல என்பதை எந்த ஊர்க்காரரும் ஒத்துக்கொள்வார். வெளியே சொல்லும் பேச்சையும் உள்ளே இருக்கும் எண்ணத்தையும் வெளிப்படையாகவே பிரித்துப் பார்க்கும் ஜப்பானில் கேட்கவே வேண்டாம்.

கேள்வியையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கிருந்தே உதாரணம் இருக்கிறது. ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். விரும்பினால் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டத்தைத் திருத்தலாமா என்று 2017இல் அரசு கேட்டபோது, திருத்தலாம் என்றவர்கள் 42.5 சதவீதம், வேண்டாம் என்றவர்கள் 29.3. 2021இல் கேள்வி வடிவம் மாறியது. இப்போதைய முறையே போதும் என்றவர்கள் 27 சதவீதம். தனிப் பெயர் முறை வேண்டும் என்றவர்கள் 28.9. ஒரே பெயர் முறையை வைத்துக்கொண்டே, பிறந்த வீட்டுப் பெயரைப் புழங்கச் சட்ட ஏற்பாடு செய்யலாம் என்ற நடுவழியை எடுத்தவர்கள் 42.2. உடனே ஒரு தரப்பு ‘பத்தில் ஏழு பேருக்குத் தனிப் பெயர் வேண்டாம்’ என்றது. கூட்டிப் பார்த்தால் சரிதான். இன்னொரு தரப்பு ‘பத்தில் ஏழு பேருக்கு இப்போதைய முறை போதவில்லை’ என்றது. அதுவும் சரிதான். நாலு வருஷத்தில் மக்கள் மனம் எவ்வளவு மாறியது என்று சொல்ல முடியாதபடி அளவுகோலையே மாற்றிவிட்ட பிறகு, யாரும் எதையும் நிரூபிக்கலாம். 1953 முதல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவந்தவர்களின் பொறுமைக்கு இங்கேதான் மதிப்புத் தெரிகிறது.

தம்பதிகள் ஒரே பெயர் வைத்துக்கொள்ளச் சட்டமே கட்டாயப்படுத்தும் நாடு, தங்களுக்குத் தெரிந்தவரை உலகில் ஜப்பான் மட்டும்தான் என்று அந்நாட்டு நீதி அமைச்சகம் சொல்லியிருக்கிறது. யார் பெயரை வைத்துக்கொள்வது என்பதைத் தம்பதிகளே தீர்மானிக்கலாம். சுமார் 95 சதவீதம் பேர் தேர்ந்தெடுப்பது கணவன் பெயரை.