வெறிச்சோடும் திடல்கள்: கல்லூரிக் கால்பந்தும் காண்போர் கூட்டமும்

உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக விளையாட்டையும் வைத்தார். செல்வத்தோடும் கல்வியறிவோடும் ஒத்த வரிசையில் விளையாட்டுக்கு இடம் தந்த மொழி நம்முடையது. முல்லைக்கலியில் ஏறுதழுவல் நிகழும்போது தொழுவினுள் பாயும் இளைஞரோடு, பரண்மீது நின்று காண்போரும் பாடப்பெறுகின்றனர். காண்போர் இல்லையேல் அந்தக் காட்சி நிறைவுறாது என்பதைப் புலவர் உணர்ந்திருந்தனர் எனலாம். அங்கே காண்போரும் களம் இறங்குவோரும் ஒரே ஆயர்குடியினர் என்பதையும் நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

இந்தப் பின்னணியில் நம் காலத்துக் கல்லூரித் திடல்களை நோக்குவோம். கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டி ஒன்று சென்னையில் நடைபெறுகிறது. திடலில் இருபத்திரண்டு பேர் ஆடுகின்றனர். ஓரத்தில் இரு அணிகளின் மாற்றாட்டக்காரர்கள், உடற்கல்வி இயக்குநர்கள், தண்ணீர்க் குடுவைகளைக் காவல் காக்கும் இரண்டு மூன்று நண்பர்கள் உள்ளனர். காண்போர் கூட்டம் என்று சொல்ல வேறு எவரும் இல்லை. ஆயிரக்கணக்கில் மாணவர் பயிலும் கல்லூரியின் பெயர் தாங்கிய சட்டையை அணிந்து ஒருவன் கோல் அடிக்கிறான். கைதட்ட இருபது கைகள்கூட இல்லை. ஏன் இந்த நிலை? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆர்வம் குன்றியதா?

இளைஞரிடையே கால்பந்து ஆர்வம் குறைந்துவிட்டது என்று பெரியோர் சிலர் கூறுவர். இக்கூற்று பொருந்தாது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் இரவு, அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய உலகக் கோப்பை இறுதியாட்டத்தின்போது, நாம் வாழும் அசோக் நகரின் அவென்யூக்களில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி ஒலித்தது. 3-3 என ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா வென்றபோது எழுந்த ஆரவாரம் நள்ளிரவில் தெருவையே எழுப்பியது. கடல்களுக்கு அப்பால் உள்ள நாட்டின் வெற்றிக்குக் குரல் கொடுத்த அதே மாணவன், தன் வகுப்புத் தோழன் ஆடும் ஆட்டத்துக்கு வருவதில்லை.

தொலைவு காரணமாகுமா என்றால் அதுவும் ஆகாது. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் அசோக் நகருக்கு மெட்ரோ ரயில் வந்தது. 2018ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அதே தடம் சென்ட்ரல் வரை செல்கிறது. பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்கை ஒட்டிய பகுதிக்கு அசோக் நகரிலிருந்து வண்டி மாறாமலே போகலாம். வழி எளிதாயிற்று, வருவோர் பெருகவில்லை.

மரபு இல்லை என்றும் சொல்வதற்கில்லை. வெல்லிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி 1955லும் 1958லும் டூரண்டு கோப்பையை வென்றது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்ற சைமன் சுந்தரராஜ் தமிழர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018லும் 2023லும் தேசிய வாகை சூடியது. ஆர்வமும் வழியும் மரபும் இருந்தும் திடல் வெறிச்சோடுமாயின், காரணத்தை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

அமெரிக்கா தரும் பாடம்

கல்லூரி விளையாட்டைப் பெருந்திரளான மக்கள் திரண்டு காணும் நாடு அமெரிக்கா. அங்கே கால்பந்து எனப்படுவது நாம் ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. ஆயினும் அதன் வரலாறு நமக்குப் பாடமாகும். 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே முதல் ஆட்டம் நடந்தபோது காண வந்தோர் ஏறத்தாழ நூறு பேரே. பிற்காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கம் 1,07,000க்கும் மேற்பட்டோர் அமரும் அளவுக்கு விரிந்தது.

தொலைக்காட்சி பரவத் தொடங்கிய 1950களிலேயே, வீட்டில் ஆட்டம் கிடைத்தால் திடலுக்கு ஆள் வாரார் என்னும் அச்சம் கல்லூரிகளுக்கு எழுந்தது. ஆகவே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒளிபரப்பாகும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. 1984ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டைச் சட்டத்துக்குப் புறம்பானது என நீக்கியது. அதன்பின் ஒளிபரப்பு பெருகியது, வருவாயும் பெருகியது. வியப்பு யாதெனில், திடலின் கூட்டம் உடனே குறைந்துவிடவில்லை. மேலும் பல ஆண்டுகள் வளர்ந்தே வந்தது. சரிவு பின்னரே தொடங்கிற்று. 2017இல் ஓர் ஆட்டத்துக்கான சராசரிக் கூட்டம் முப்பத்து நான்கு ஆண்டுகளில் காணாத அளவு வீழ்ந்தது. 2018இல் அது ஏறத்தாழ 42,000 ஆயிற்று. 1996க்குப் பின் அதுவே மிகக் குறைந்த அளவு. விற்ற சீட்டுகளைக் கொண்டு கூட்டத்தை அறிவிப்பது அங்கே வழக்கமாதலால், உண்மையில் வாயிலைக் கடந்தோர் அதனினும் குறைவு. பெருந்தொற்றுக்குப் பின் சில பல்கலைக்கழகங்களில் கூட்டம் மீண்டும் கூடியுள்ளது என்பதும் உண்மை.

அலபாமா பல்கலைக்கழகம் செய்த ஒரு முயற்சி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அதன் அணி வெற்றிகளில் குறைவற்றது. ஆயினும் மாணவர் பாதி ஆட்டத்திலேயே எழுந்து சென்றனர். 2019இல் அப்பல்கலைக்கழகம் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக மாணவர் அரங்கில் இருக்கின்றனரா எனக் கணக்கிடத் தொடங்கியது. வந்தால் 100 புள்ளி. நான்காம் கால்பகுதி வரை இருந்தால் மேலும் 250 புள்ளி. புள்ளி மிகுந்தோர்க்கு முக்கிய ஆட்டங்களின் நுழைவுச்சீட்டில் முன்னுரிமை. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் மகிழ்ச்சிக்கும் வருகைப் பதிவு எடுக்கவேண்டிய காலம் வந்தது! வெற்றியாலும் வசதியாலும் மட்டும் கூட்டத்தைக் கட்டி வைக்க இயலாது என்பதை இது காட்டுகிறது.

கூட்டத்தைக் கூட்டுவது எது?

மலப்புறத்தில் நிகழ்ந்ததைக் கொண்டு இதற்கு விடை காணலாம். 2022ஆம் ஆண்டு சந்தோஷ் கோப்பைப் போட்டி மஞ்சேரியை அடுத்த பய்யநாட்டில் நடைபெற்றது. அது நோன்பு மாதம். பகல் முழுதும் நோன்பிருந்து, நோன்பு திறந்தபின் மக்கள் அரங்குக்குத் திரண்டனர். அரையிறுதியில் மாற்றாட்டக்காரராக இறங்கி ஐந்து கோல்கள் அடித்த ஜெசின் அதே மாவட்டத்தின் நிலம்பூரைச் சேர்ந்தவர். பெருநாளுக்கு முந்தைய இரவான மே 2ஆம் நாள், 25,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் கேரளம் வங்காளத்தைப் பெனால்டி உதைகளில் வென்றது. உலகத் தரமான ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காணும் வாய்ப்பு மலப்புறத்தாருக்கும் உண்டு. எனினும் அவர்கள் திடலுக்கு வந்தனர். ஆடுபவன் அவர்கள் ஊர்ப்பிள்ளை.

யாழ்ப்பாணத்தில் வேறொரு சான்று உளது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் போட்டியை 'வடக்கின் பெரும் போர்' என்பர். அங்கே கல்லூரி எனப்படுவது நம் மேனிலைப் பள்ளியை ஒத்தது. ஆடுவோர் பதின்பருவப் பிள்ளைகள்; ஆட்டத்தின் தரம் பன்னாட்டுத் தரமன்று. ஆனால் ஆண்டுதோறும் பழைய மாணவர் கூடுகின்றனர்; புலம்பெயர்ந்து வாழ்வோரும் அந்நாளை எண்ணி ஊர் திரும்புவதுண்டு. போர்க்காலம் பலவற்றைச் சிதைத்தும் அம்மரபு அழியவில்லை.

இவ்விரண்டும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. கல்லூரி ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ப்பது ஆட்டத்தின் தரமன்று. ஆடுவோனுக்கும் காண்போனுக்கும் உள்ள உறவே. தரம் வேண்டுவோர்க்குத் தொலைக்காட்சி உண்டு. உறவைத் தொலைக்காட்சி தருவதில்லை. முல்லைக்கலியின் பரண்மீது நின்றோரைப் பிணித்ததும் அவ்வுறவே அன்றோ?

உறவு அறுந்த இடங்கள்

நம் கல்லூரிகளில் இவ்வுறவு எங்கே அறுந்தது? முதலாவது, காலம். சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் காலைச் சுழற்சி, பிற்பகல் சுழற்சி என இருவேறு கல்லூரிகளே ஒரு கட்டடத்தில் இயங்குகின்றன. காலைச் சுழற்சி மாணவன் நண்பகலில் வெளியேறுகிறான். பலர் நேரே பகுதிநேர வேலைக்குச் செல்கின்றனர். மாலையில் திடலைச் சுற்றி நின்று பேசும் பொழுதே இல்லாமற் போயிற்று. பருவமுறை வந்தபின் அகமதிப்பீட்டுத் தேர்வுகளும் ஒப்படைப்புகளும் ஆண்டு முழுதும் தொடர்கின்றன.

இரண்டாவது, அறிமுகமின்மை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவன் விடியற்காலையில் பயிற்சி பெறுகிறான். போட்டி நாள்களில் வகுப்பில் இருப்பதில்லை. சான்றிதழும் கோப்பையும் முதல்வர் அறையைச் சேர்கின்றன. அவன் முகம் உடன் பயில்வோர்க்கு அறிமுகமாவதில்லை. ஆசிரியருக்கோ அவன் வருகைப் பதிவேட்டில் இடைவெளியாக மட்டுமே தெரிகிறான். அறியாதவன் ஆடும் ஆட்டத்தை எவர் காண வருவர்?

மூன்றாவது, அறிவிப்பின்மை. போட்டி அட்டவணை உடற்கல்வித் துறையின் மேசையோடு நின்றுவிடுகிறது. ஆட்டம் வேலை நாளின் வகுப்பு நேரத்தில், பெரும்பாலும் வேறொரு கல்லூரியின் திடலில் நிகழ்கிறது. காண விழையும் மாணவன் வகுப்பைத் துறந்தே வரவேண்டும். மாணவியர் நிலை இன்னும் கடினம். அவர்கள் அமர நிழலான இடமும், வீடு திரும்ப ஏற்ற நேரமும் எண்ணப்படுவதில்லை. தேசிய வாகை சூடிய மகளிர் அணியைத் தந்த மாநிலத்தில், பெண்கள் ஆடும் ஆட்டத்தைக் காணப் பெண்களே வர இயலாத நிலை வருந்தத்தக்கது.

திடலைக் காப்பது யார்?

காண்போர் இல்லாவிட்டால் என்ன, ஆட்டம் நடந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சென்னையில் நிலத்தின் விலை யாவரும் அறிந்ததே. அசோக் நகரில் முன்பு சிறுவர் பந்தாடிய காலிமனைகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. வகுப்பறைகள் போதவில்லை, வாகன நிறுத்தம் வேண்டும் என்று கேட்கும் குரல் கல்லூரிகளிலும் எழுகிறது. அக்குரலில் நியாயமும் உண்டு. அந்நேரத்தில் ஆளில்லாத் திடல் பயனில்லா நிலமாகத் தோன்றும். ஆயிரம் மாணவர் கூடி ஆரவாரித்த திடலில் கட்டடம் எழுப்ப எவரும் எளிதில் முன்வாரார். திடலுக்குச் சுற்றுச்சுவரினும் வலிய காவல் காண்போர் கூட்டமே.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் பலர் விளையாட்டின் வழியே இங்கு வருகின்றனர். கல்லூரி தன்னை வரவேற்கிறது என்பதை அவர்கள் சேர்க்கைக் கடிதத்தால் அறிவதில்லை. திடலோரம் ஒலிக்கும் தம் பெயரால் அறிகின்றனர்.

செய்யத்தக்கவை

பெருஞ்செலவு ஏதும் வேண்டா. ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே எதிரணியோடு, நம் திடலிலேயே ஓர் ஆட்டம் நிகழட்டும். நாள் நிலைத்தால் மரபு நிலைக்கும்; யாழ்ப்பாணம் இதற்குச் சான்று. அந்நாளின் பிற்பகல் வகுப்புகளை நிருவாகம் முன்கூட்டியே வேறு நாளுக்கு மாற்றலாம். காலைச் சுழற்சியினர் இருந்து காணவும், பிற்பகல் சுழற்சியினர் வந்து காணவும் மாலை நான்கு மணி ஏற்றது. மஃரிபுத் தொழுகைக்கு முன் ஆட்டம் நிறைவுறும்.

துறைகளுக்கிடையிலான போட்டிகளுக்கு மீண்டும் உயிர் தரவேண்டும். தமிழ்த்துறையும் வணிகவியல் துறையும் மோதினால், தோழனைக் காணத் தோழன் வருவான். அப்பழக்கமே கல்லூரி அணியின் ஆட்டத்துக்கும் அவனை அழைத்து வரும். தமிழ்த்துறை மாணவர் ஆட்டச் செய்தியைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் இடலாம். ஒலிபெருக்கியில் நேர்முக வருணனையும் வழங்கலாம். மொழிப்பயிற்சிக்கு இதனினும் உயிருள்ள களம் வேறில்லை. பழைய மாணவர் சங்கம் அந்நாளையே தன் ஆண்டுக் கூடுகையாகக் கொள்ளலாம். சமுதாயப் பெரியோர் பரிசளிப்பு மேடைக்கு மட்டும் வாராது, ஆட்டத்தின் தொடக்கம் முதலே திடலோரம் அமர்ந்தால் அதுவே பெரிய ஊக்கமாகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். மெஸ்ஸி உங்களை அறியமாட்டார். நீங்கள் கைதட்டாவிடினும் அவர் புகழ் குன்றாது. உங்கள் அருகில் அமர்ந்து பாடம் கேட்கும் தோழனுக்கோ உங்கள் இரு கைகள் பெரிது. அடுத்த ஆட்டம் எந்நாள் என்று உடற்கல்வித் துறையில் கேட்டறியுங்கள். வரும்போது இன்னும் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.