கைகளால் காட்டைக் கடக்கும் கிப்பன்

மொட்டை மாடிக்கு வரும் குரங்கை ஒரு நிமிடம் உன்னிப்பாகப் பாருங்கள். மதில்மேல் நான்கு கால்களையும் ஊன்றித்தான் நடக்கும். பக்கத்திலிருக்கும் வேப்பமரத்தில் ஏறினாலும் கிளையின் மேற்புறத்தில்தான் நடை. அடுத்த மரத்துக்குப் போக வேண்டுமென்றால் பின்னங்கால்களை மடக்கி, குந்தி, உந்தி ஒரே பாய்ச்சல். போய் விழும்போது நான்கு கால்களாலும் கிளையைக் கவ்விக்கொள்ளும். சோலைமந்தியும் கருங்குரங்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக்கிளைகளில் பாய்வதும் பெரும்பாலும் பின்னங்கால் பலத்தால்தான். ஒரு கையால் கிளையில் தொங்கி, உடலை வீசி, மறு கையால் அடுத்த கிளையைப் பற்றி, அப்படியே கை மாற்றிக் கை மாற்றி வழி நெடுகப் போகும் காட்சியை நாம் சினிமாவில் பார்த்துவிட்டு எல்லாக் குரங்குகளின் மேலும் ஏற்றிச் சொல்கிறோம்.

அந்த வித்தையைத் தொழிலாகவே கொண்டது கிப்பன். வாலில்லாக் குரங்குகளில் சிறியது. வடகிழக்கு இந்தியா, வங்கதேசம் தொடங்கி மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனம், மலேசியா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா வரை சுமார் இருபது இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலான இனங்களின் எடை ஐந்து முதல் எட்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். அவற்றில் பெரியதான சியாமாங் மட்டும் பத்து கிலோவைத் தாண்டும். இந்தியாவில் இருக்கும் ஒரே வாலில்லாக் குரங்கும் ஒரு கிப்பன்தான். ஹூலாக் கிப்பன் என்பது அதன் பெயர்; பிரம்மபுத்திராவின் தென்கரைக் காடுகளில் வாழ்கிறது. ஆண் கறுப்பு, பெண் பழுப்பு, புருவம் மட்டும் வெள்ளை.

கைகளால் தொங்கித் தாவும் இந்த நடைக்கு ஆங்கிலத்தில் பிராக்கியேஷன் என்று பெயர். லத்தீனில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கைத்தாவல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கேள்வி. மேலே நடக்க வழி இருக்கும்போது எதற்காகக் கீழே தொங்க வேண்டும்? பதில் பழத்தில் இருக்கிறது. கிப்பனுக்குப் பிரதான உணவு பழுத்த பழம். அத்திப்பழம் என்றால் இன்னும் விருப்பம். பழங்கள் தடித்த கிளையில் காய்ப்பதைவிட நுனிக்கொம்பில் காய்ப்பதே அதிகம். நுனிக்கொம்பில் ஏறி நடந்தால் கொம்பு வளையும். வளைந்தால் மேலே நிற்கிற விலங்கு ஒரு பக்கமாகச் சரியும். தொங்குகிற விலங்குக்கு அந்தப் பயம் இல்லை. கொம்பு எப்படி வளைந்தாலும் உடல் அதற்கு நேர் கீழேதான் இருக்கும். கவிழ்வதற்கு இடமே இல்லை.

தொங்குவதற்கு ஏற்ற உடல் வேண்டுமே. அடுத்த முறை நெரிசலான பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உங்கள் தோளைக் கொஞ்சம் கவனியுங்கள். கை நேராக மேலே போகிறது. கம்பியை விடாமலே உடலை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்ப முடிகிறது. நாய்க்கு இது முடியாது. மாடியில் நடக்கும் குரங்காலும் இவ்வளவு தாராளமாக முடியாது. நான்கு காலில் நடக்கும் குரங்கின் மார்பு பக்கவாட்டில் ஒடுங்கியது, தோள்பட்டை எலும்பு விலாவின் பக்கத்தோடு ஒட்டியது. முன்னங்காலை முன்னும் பின்னும் வீசுவதற்கு அதுவே சரியான அமைப்பு. கிப்பனுக்கு மார்பு அகன்று தட்டையாகி, தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதனால் கை எந்தத் திசையிலும் சுழலும். மணிக்கட்டும் லேசுப்பட்டதல்ல, பந்துகிண்ண மூட்டைப் போலத் திரும்பக்கூடியது. ஒரு வீச்சில் கிளையைப் பற்றிய விரல்கள் அசையாமலிருக்க, உடல் முழுவதும் அந்தக் கையின் கீழே ஏறத்தாழ அரைச்சுற்றுத் திரும்பிவிடும். இரண்டு மூட்டுகளும் சேர்ந்து இடம் கொடுப்பதால்தான் இது நடக்கிறது.

கைகள் கால்களைவிட மிக நீளம். அதனால் அபூர்வமாகத் தரையில் இறங்க நேர்ந்தால் கிப்பன் இரண்டு கால்களில் நிமிர்ந்து நடக்கும். கைகளை இழுத்துக்கொண்டு போகாமல் மேலே தூக்கிக்கொள்ளும். கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி கைகளை விரித்துக்கொள்வது போலிருக்கும் அந்தக் கோலம்.

உள்ளங்கையைப் பார்த்தால் கட்டைவிரல் மணிக்கட்டுக்கு அருகிலிருந்தே பிளந்து தனியாக ஒதுங்கியிருக்கிறது. தாவும்போது கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. மற்ற நான்கு விரல்களும் கொக்கியாக மடிந்து கிளையில் மாட்டிக்கொள்கின்றன. நிறைந்த வாளியின் கைப்பிடியைத் தூக்கும்போது நம் விரல்கள் மடிந்து நிற்குமே, அதே பிடி. கொக்கிப் பிடியில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மாட்டுவதும் எளிது, கழற்றுவதும் எளிது.

இனி இயக்கத்துக்கு வருவோம். கிப்பன் தாவுவதைப் பார்ப்பவர்களுக்கு அதன் கைபலம்தான் வியப்பாகத் தெரியும். பலம் இருக்கிறதுதான். ஆனால் உண்மையில் வேலையில் பெரும்பங்கைச் செய்வது பூமியின் ஈர்ப்பு.

ஒரு மீட்டர் நீளக் கயிற்றில் கல்லைக் கட்டி ஆடவிடுங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். கல்லின் எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த நேரம் மாறாது. கயிற்றின் நீளம் மாறினால்தான் மாறும். ஒரு கையில் தொங்கும் கிப்பனும் அப்படி ஓர் ஊசல்தான். உயரத்திலிருந்து கீழே விழ விழ வேகம் கூடுகிறது. அடிமட்டத்தைக் கடந்து மறுபக்கம் ஏற ஏற அந்த வேகம் மறுபடி உயரமாக மாறுகிறது. ஏறி நிற்கும் கட்டத்தில் மறு கை அடுத்த கிளையைப் பற்றும், பழைய கை விடும், அடுத்த ஊசல் தொடங்கும். விழுந்து சம்பாதித்ததைச் செலவழித்து ஏறுகிறது. ஏறிச் சேர்த்ததைக் கொண்டு மறுபடி விழுகிறது. இடையில் கசிவதை மட்டும் தசைகள் ஈடுகட்டினால் போதும்.

அவசரமில்லாதபோது கிப்பன் இப்படித்தான் போகிறது. ஏதாவது ஒரு கை எப்போதும் கிளையில் இருக்கும். ஆனால் இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கையின் நீளம் மாறாது என்பதால் ஊசலின் நேரமும் பெரிதாக மாறாது; எவ்வளவு ஆசைப்பட்டாலும் நாம் நடக்கிற வேகத்துக்குப் பக்கத்தில்தான் போக முடியும். அதற்குமேல் விரைய வேண்டுமென்றால் ஒரே வழி, பிடித்ததை விட்டுவிடுவது. ஓடும்போது நம் இரண்டு பாதங்களும் தரையை விட்டுக் கொஞ்ச நேரம் எழும்புகின்றன அல்லவா? அதுபோல வேகமாகப் போகும் கிப்பன் ஒவ்வொரு வீச்சுக்கு இடையிலும் எதையும் பிடிக்காமல் காற்றில் பறக்கிறது. பெரிய இடைவெளியானால் ஒரே பாய்ச்சலில் எட்டுப் பத்து மீட்டர் தாண்டிவிடும்.

அப்படி ஒரு பாய்ச்சலை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். கிளையைப் பற்றிய கையின் கீழே உடல் இறங்குகிறது. இறங்கும்போது கால்கள் நீண்டு தொங்குகின்றன. அடிமட்டத்தைக் கடந்ததும் முழங்கால்கள் மடிந்து மார்பை நோக்கி எழும்புகின்றன. ஊஞ்சலில் நின்றபடி உந்தும் பிள்ளைகள் சரியான நேரத்தில் குந்தி எழுந்து வேகம் ஏற்றுவார்களே, அந்தத் தந்திரம்தான். உடலின் எடைமையம் பிடிக்கு அருகே உயரும்போது ஊசலுக்குப் புதிய சக்தி கிடைக்கிறது. விரல்கள் கழல்கின்றன. இப்போது உடல், வீசிய கல்லைப் போல வளைவாகப் பறக்கிறது. அந்தரத்தில் திசையை மாற்ற வழியில்லை. கண்கள் மட்டும் அடுத்த கிளையில் நிலைகுத்தி இருக்கின்றன. எதிர்க் கை நீண்டு கொக்கி மாட்டுகிறது.

சக்தி கசிவது இந்த இடத்தில்தான். பறந்து வரும் பாதையும் அடுத்த ஊசலின் வட்டப் பாதையும் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு சேர்ந்தால் உதறலே இருக்காது. கொஞ்சம் தப்பினால், கை முழு நீளத்துக்கு வெடுக்கென்று இழுபட்டு, சேர்த்து வைத்த வேகம் வீணாகும். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடும்போது கம்பியைப் பிடித்திருக்கும் நம் தோள் படும் பாடு அது. ஜேம்ஸ் அஷர்வுட், ஜான் பெர்ட்ராம் ஆகிய ஆய்வாளர்கள் இந்த மோதல் கணக்கை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். துளியும் வீணாகாத பாதையைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியும். ஆனால் கிப்பன்கள் அந்தப் பாதையில் போவதில்லை. தேவையைவிடச் சற்று அதிகமாகவே பாய்கின்றன. காரணம் எளிது. கொஞ்சம் கூடுதலாகப் பாய்ந்தால் நஷ்டம் ஓர் உதறல். அந்த உதறலைக்கூடக் காலையும் உடலையும் மடக்கி நீட்டிப் பெரிதும் சமாளித்துவிடலாம். கொஞ்சம் குறைவாகப் பாய்ந்தால் கிளை கைக்கு எட்டாது. முப்பது மீட்டர் உயரத்தில் இரண்டு தவறும் ஒன்றல்ல. எனக்குக் கிப்பனிடம் மிகவும் பிடித்தது, வேகத்தையும்விட, இந்த நிதானமான கணிப்புதான்.

அப்படியும் தவறி விழுவதுண்டு. காய்ந்த கிளை முறியும், ஈரக் கிளை வழுக்கும். 1937இல் ஆசிய வாலில்லாக் குரங்குகளை ஆராயத் தாய்லாந்துக்குப் போன அமெரிக்கக் குழு ஏராளமான கிப்பன் எலும்புக்கூடுகளைச் சேகரித்தது. அவற்றை அடால்ஃப் ஷுல்ட்ஸ் என்ற உடற்கூறு அறிஞர் பரிசோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் எலும்பு முறிந்து கூடிய தடம் இருந்தது. கை, கால், தோள்வளை எலும்பு என்று முறிந்து, தானாகவே கூடி, அந்த உடலோடு அவை மறுபடியும் தாவி வாழ்ந்திருக்கின்றன. ஆய்வுக்காக அத்தனை கிப்பன்களைச் சுட்டுக் கொன்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று எந்த அறிவியலும் அதை நியாயப்படுத்தாது.

உடல் கனத்தால் இந்த வாழ்க்கை கட்டாது. எண்பது கிலோ தாண்டும் ஆண் ஒராங்உட்டான் அந்தரத்தில் பறந்து கிளையைப் பிடித்தால் கிளை தாங்காது. அது கை கால் நான்கையும் வெவ்வேறு கிளைகளில் மாட்டி, எடையைப் பகிர்ந்து, நிதானமாக நகர்கிறது. இடைவெளி வந்தால் தான் இருக்கும் மெல்லிய மரத்தையே தன் எடையால் ஆட்டி வளைத்து, அடுத்த மரத்தை எட்டிப் பிடிக்கும். கடல் கடந்து மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் சிலந்திக் குரங்கு இருக்கிறது. கிப்பனோடு நெருங்கிய உறவில்லாத அதுவும் தனி வழியில் கைத்தாவலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் கையில் கட்டைவிரல் கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டது. வாலை ஐந்தாவது கையாகப் பயன்படுத்துகிறது. வால் நுனியின் அடிப்புறத்தில் மயிரில்லாமல், நம் விரல்ரேகை போன்ற வரிகளோடு தோல் இருக்கிறது.

நம் தோளுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. கிரிக்கெட்டில் பந்து வீசுபவரின் கை தலைக்கு மேலே முழு வட்டம் சுற்றுவதற்கு, அகன்ற மார்பும் முதுகுப் பக்கம் நகர்ந்த தோள்பட்டை எலும்பும் காரணம். மரத்தில் ஏறியும் தொங்கியும் வாழ்ந்த மூதாதையரின் சொத்து அது என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்த மூதாதையர் கிப்பனைப் போலப் பறந்து பறந்து தாவியவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

இவ்வளவு நுட்பமான உடல் ஒரே ஒரு நிபந்தனையை நம்பியிருக்கிறது. அடுத்த கிளை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹூலோங்காபார் கிப்பன் சரணாலயம் இருக்கிறது. சுமார் 21 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அந்தச் சிறிய காட்டையும் ஒரு ரயில் பாதை இரண்டாக வெட்டிப் போகிறது. யானைக்கு அது ஆபத்தான பாதை. மேற்கிளையை விட்டு இறங்க விரும்பாத கிப்பனுக்கோ அது ஒரு சுவர். இந்தப் பக்கக் குடும்பத்தில் பிறந்த குட்டி வளர்ந்து அந்தப் பக்கம் துணை தேடிப் போக வழியில்லை.

வழி செய்து கொடுக்க முடியும் என்பதற்குச் சீனாவின் ஹைனான் தீவு சாட்சி. உலகிலேயே மிக அரிதான வாலில்லாக் குரங்கான ஹைனான் கிப்பன் அங்கே மட்டும்தான் இருக்கிறது. 2014இல் பெரும் புயலடித்து மண் சரிந்து, ஒரு குடும்பத்தின் வழக்கமான பாதையில் சுமார் 15 மீட்டர் இடைவெளி விழுந்தது. குட்டியைச் சுமந்தபடியும் தாய்கள் உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்தன. 2015 டிசம்பரில், மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கயிறுகள் இரண்டை அங்கே கட்டினார்கள். 176 நாள்கள் கிப்பன்கள் அவற்றைத் தொடவில்லை. பிறகு வந்தன. பெரும்பாலும் ஒரு கயிற்றைக் கையால் பிடித்து, மற்றதில் கால் வைத்து, நடந்தே கடந்தன.

ஹூலோங்காபாரிலும் தண்டவாளத்துக்கு மேலே கயிற்றுப் பாலம் அமைக்க ரயில்வேயும் வனத்துறையும் முன்வந்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் கயிறு இற்றுப்போகும், மரம்தான் நிற்கும். பாதையின் இரு கரையிலும் மரங்களை ஓங்கி வளரவிட்டு, தலைக்கு மேலே கிளைகள் கோத்துக்கொள்ளும் வரை அவற்றை வெட்டாமல் காக்க வேண்டும்.